ஹேக் நகரத்துக் காப்பி

2016 ஏப்ரல் 22. நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். 74 வயது மூதாட்டி ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். அதில் மயக்க மருந்து கலந்திருக்கிறது. கலந்தவர் அந்த இல்லத்தின் மருத்துவர். கணவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். குடிப்பவருக்கு மட்டும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கண் செருகுகிறது, ஆனால் போதிய தூக்கம் வரவில்லை. மருத்துவர் தோலுக்கடியில் இன்னொரு முறை மயக்க மருந்து போடுகிறார். அப்புறம் நரம்பு ஊசி ஏற்றும்போது மூதாட்டி கையைப் பின்னுக்கு இழுக்கிறார். ஆழ்மயக்க மருந்து உள்ளே இறங்கத் தொடங்கியதும் படுக்கையிலிருந்து எழப் பார்க்கிறார். குடும்பத்தார் பிடித்துக்கொள்கிறார்கள். மருத்துவர் மீதி மருந்தை வேகமாகச் செலுத்தி முடிக்கிறார்.

இவ்வளவு விவரம் நமக்கு எப்படித் தெரியும்? யாரும் ஒளிந்திருந்து பார்க்கவில்லை, எவரும் மொட்டைக் கடிதம் போடவும் இல்லை. எல்லாம் அந்த மருத்துவரே எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்தும், கேட்டவர்களுக்கு அவரே சொன்ன பதில்களிலிருந்தும் வந்தவை. இந்த வழக்கை மருத்துவ மாணவர்களோடு பலமுறை பேசியிருக்கிறேன். எல்லோரும் காப்பியிலேயே நின்றுவிடுவார்கள். "அதெப்படி சார், சொல்லாமல் கலக்கலாம்?" நியாயமான கேள்விதான், வருகிறேன். ஆனால் எனக்கு அந்தக் காப்பியைவிட அந்த அறிக்கைதான் பெரிதாகப் படுகிறது. ஒரு மருத்துவர் தான் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதினார். எழுதியதால் நான்கு வருடம் விசாரணை, ஒழுங்கு நடவடிக்கை, கொலை வழக்கு என்று அலைந்தார்.

முதலில், அந்த மருத்துவர் செய்ததற்கு நாம் வைத்திருக்கும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் கருணைக்கொலை என்கிறோம். சொல்லின் முன்பாதி மன்னிக்கிறது, பின்பாதி குற்றம் சாட்டுகிறது. டச்சுக்காரர்கள் யூதனேசியா என்று சொல்லும்போது ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: நோயாளி தானே கேட்டுக்கொண்டு, மருத்துவர் மருந்து கொடுத்து உயிரை முடித்துவைப்பது. வென்டிலேட்டரை எடுப்பது, குழாய் உணவை நிறுத்துவது எல்லாம் அங்கே சாதாரண மருத்துவ முடிவுகளின் கணக்கில் வரும். நம் உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது இந்த இரண்டாவது வகையை மட்டுமே. மருந்து செலுத்தி முடித்துவைப்பது இந்தியாவில் இன்றும் குற்றம். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டால் இந்த வழக்கு பிடிபடாது.

சட்டம் மருத்துவரிடம் கேட்பது

நெதர்லாந்தில் இது முழுக்கச் சட்டபூர்வம் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படிச் சொல்வது பாதிதான் சரி. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 293-ஆம் பிரிவு இன்னமும் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக அவர் உயிரை எடுப்பவருக்கு 12 ஆண்டு வரை சிறை. 2002 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் அதில் ஒரு கதவை மட்டும் திறந்தது. செய்தவர் மருத்துவராக இருக்க வேண்டும், ஆறு கவன விதிகளைப் பின்பற்றியிருக்க வேண்டும், முடிந்ததும் நகராட்சியின் பிண ஆய்வு மருத்துவருக்குத் தானே தகவல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் குற்றம் குற்றமாகாது.

ஆறு விதிகள் என்னென்ன? வேண்டுகோள் நோயாளியே யோசித்து மனமுவந்து வைத்ததாக இருக்க வேண்டும். வேதனை தாங்க முடியாததாகவும், குறைய வழியில்லாததாகவும் இருக்க வேண்டும். நிலைமை முழுவதும் அவருக்கு விளக்கப்பட்டிருக்க வேண்டும். வேறு நியாயமான வழி இல்லை என்று இருவரும் சேர்ந்து முடிவுக்கு வந்திருக்க வேண்டும். தொடர்பில்லாத இன்னொரு மருத்துவராவது நேரில் பார்த்துக் கருத்து எழுதியிருக்க வேண்டும். கடைசியாக, செய்முறை மருத்துவ ரீதியாகக் கவனமாக நடந்திருக்க வேண்டும். எந்த மருத்துவரையும் இதற்குக் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குக் கேட்கும் உரிமை உண்டு, பெறும் உரிமை கிடையாது.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். இவற்றையெல்லாம் யார் சரிபார்க்கிறார்கள், எப்போது? எல்லாம் முடிந்த பிறகு. வழக்கறிஞர், மருத்துவர், அறவியல் அறிஞர் அடங்கிய வட்டார மறுஆய்வுக் குழு, மருத்துவர் அனுப்பிய தாள்களைப் படித்து, கவனமாக நடந்ததா இல்லையா என்று சொல்லும். நடந்தது என்றால் கோப்பு மூடப்படும், அரசு வழக்கறிஞரிடம் போகாது. இல்லை என்றால் அரசு வழக்கறிஞருக்கும் சுகாதாரக் கண்காணிப்புத் துறைக்கும் போகும். முன்கூட்டியே "செய்யலாம்" என்று கையெழுத்துப் போட்டுத் தர அங்கே ஒருவரும் இல்லை. ஸ்பெயின் 2021-இல் சட்டம் கொண்டுவந்தபோது முன்னனுமதிக் குழு ஒன்றை வைத்தது. டச்சுக்காரர்கள் அப்படி வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை என்றால், அந்தச் சட்டம் பிறந்த விதம் அப்படி. 1971-இல் ஒரு பெண் மருத்துவர், பக்கவாதத்தில் விழுந்து சாவைக் கேட்டுக்கொண்டிருந்த தன் தாய்க்கு மார்ஃபின் செலுத்தினார். 1973-இல் லேவார்டன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி, ஒரே ஒரு வாரச் சிறைத் தண்டனையை, அதையும் நிறுத்திவைத்து, வழங்கியது. போஸ்ட்மா வழக்கு என்று பெயர். அதற்குப் பிறகு முப்பது வருடம் வழக்குக்கு மேல் வழக்காக, மருத்துவர்களே கூண்டில் ஏறி ஏறித்தான் விதிகள் உருவாயின. 1984-இல் உச்ச நீதிமன்றம், உயிரைக் காக்கும் கடமையும் வேதனையைத் தீர்க்கும் கடமையும் மோதும்போது மருத்துவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 2002 சட்டம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கூண்டில் நின்று மருத்துவர்கள் சொன்னதைத்தான் தாளில் ஏற்றியது.

நோக்கம் ஒன்றுதான்: மறைவில் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. அது நடந்ததா? ஆய்வுகளின்படி 1990-இல் இப்படி நடந்தவற்றில் 18 சதவீதத்தைத்தான் மருத்துவர்கள் தெரிவித்தார்கள். மீதிக்கெல்லாம் இயற்கை மரணம் என்று சான்றிதழ். 2005-இல் தெரிவித்தது 80 சதவீதம். சட்டம் மருத்துவர்களை என்ன செய்தது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான். உண்மையை எழுதினால் ஜெயிலுக்குப் போக வேண்டாம் என்ற நம்பிக்கை பதினைந்து வருடத்தில் கட்டியெழுப்பப்பட்டது. ஹேக் வழக்கு கை வைத்தது அந்த நம்பிக்கையில்.

இரண்டு தாள்கள்

மூதாட்டிக்கு அல்சைமர் என்று தெரிய வந்தது 2012-இல். அவருடைய தாயும் மறதி நோயோடு 12 வருடம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்து இறந்தவர். பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பதால் தனக்கு என்ன வேண்டாம் என்பதில் மூதாட்டிக்குச் சந்தேகமே இல்லை. அந்த அக்டோபரிலேயே முன்விருப்ப ஆவணம் எழுதினார். கணவரோடு வீட்டில் வாழ முடியாமல் போய், ஆனால் தன் சுயநினைவு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், மறதி நோயாளிகளுக்கான இல்லத்தில் தன்னைக் கண்டிப்பாகச் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம்.

2015 ஜனவரியில் அதைத் திருத்தி எழுதினார். இந்தத் திருத்தம்தான் பிற்பாடு எல்லாரையும் ஆட்டிவைத்தது. புதிய தாளில், நேரம் வந்துவிட்டது என்று தானே கருதும்போது, தன் வேண்டுகோளின் பேரில் செய்ய வேண்டும் என்று இருந்தது. அறிவு தெளிவாக இருப்பவர் எழுதினால் இதில் குழப்பமே இல்லை. ஆனால் நேரம் வந்துவிட்டது என்று கருதக்கூடிய "நான்" அதற்குள் கரைந்துபோனால்? அப்போது இந்த வரி வேண்டுகோளா, வேண்டுகோள் இனிமேல் வரும் என்ற அறிவிப்பா?

டச்சு மருத்துவர்களிடையே ஒரு சொல்வழக்கு உண்டு: பன்னிரண்டுக்கு ஐந்து. கடிகாரத்தில் 12 அடித்தால் நோயாளி தன் விருப்பத்தைச் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார். அதனால் 11.55-க்கே முடித்துவிட வேண்டும். அதாவது, இன்னும் பேரப்பிள்ளைகளை அடையாளம் தெரிந்து, காலையில் செய்தித்தாள் புரட்டி, சாப்பாட்டை ரசிக்கும் ஒருவரிடம், "இப்போதே, இல்லாவிட்டால் முடியாது" என்று மருத்துவர் சொல்ல வேண்டியிருக்கும். சீக்கிரம் போனால் நல்ல நாட்கள் வீண். காத்திருந்தால் கதவு மூடிவிடும். டச்சு மறதி நோயாளிகளில் இந்த வழியில் போகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே ஆரம்பக் கட்டத்திலேயே போவதற்குக் காரணம் இதுதான். சட்டத்தில் தெளிவில்லாத ஒரு மூலை, நோயாளியின் நாட்காட்டியையே முன்னுக்கு இழுக்கிறது. சட்டம் மருத்துவத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் மூதாட்டி 11.55-ஐத் தவறவிட்டவர். கேட்கும்போதெல்லாம், இப்போது வேண்டாம், இன்னும் அவ்வளவு மோசமில்லை என்பார். 2016 மார்ச் ஆரம்பத்தில் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், எந்த இடம் வேண்டாம் என்று எழுதியிருந்தாரோ அதே மாதிரி இல்லத்தில் சேர்க்கப்பட்டார். பகலும் மாலையும் வராந்தாவில் நடப்பார். அழுவார். கதவையும் ஜன்னலையும் கையால் தட்டுவார். சாக வேண்டும் என்று ஒரு நாளில் பலமுறை சொல்வார். அடுத்த நிமிடம் கேட்டால், இப்போது வேண்டாம் என்பார்.

கணவர் அந்தத் தாளோடு இல்லத்தின் மருத்துவரிடம் வந்தார். அவர் முதியோர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர், அனுபவசாலி. அவசரப்படவில்லை. ஏழு வாரம் எடுத்துக்கொண்டார். மூதாட்டியைக் கவனித்தார், குடும்ப மருத்துவரிடம் பேசினார், ஒருவருக்கு இரண்டு பேராக வெளி மருத்துவர்களை வரவழைத்தார். இந்த ஆலோசனைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள், ஸ்கென் மருத்துவர்கள் என்பார்கள். இருவருமே விதிகள் நிறைவேறியிருக்கின்றன என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் காப்பி.

ஏன் சொல்லவில்லை? மருத்துவரின் விளக்கம் இது: சொன்னால் அவருக்குப் புரியாது, புரியாமல் பதற்றம் மட்டும் ஏறும், கடைசி நேரம் கலவரமாகிவிடும். முதியோர் மருத்துவம் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மறதி நோயாளியின் மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்காத வார்டு எங்கே இருக்கிறது? ஆனால் கஞ்சியில் கலந்த மாத்திரை, நாளைக் காலையில் அவர் எழுந்திருப்பதற்காகக் கொடுக்கப்படுவது. மாணவர்கள் காப்பியில் நிற்பதற்கு அதுதான் காரணம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஒன்றைக் கேட்பேன்: சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவர் "வேண்டாம்" என்றால் அது 2012-இல் எழுதியவரின் வேண்டாமா, அந்த நிமிடத்தின் பயமா? இதுவரை ஒரு வகுப்பும் இதில் ஒத்த கருத்துக்கு வந்ததில்லை.

ஒரே தாள், எத்தனை வாசிப்பு

2016-இல் நெதர்லாந்து முழுக்க 6,091 அறிக்கைகள் மறுஆய்வுக் குழுக்களுக்கு வந்தன. கவனக்குறைவு என்று முடிவானவை பத்து. அதில் ஒன்று இது. குழு இரண்டு குறை கண்டது. 2015-இன் தாள் தெளிவாக இல்லை, அதைப் போதுமான வேண்டுகோளாக எடுத்திருக்கக் கூடாது. அப்புறம், காப்பியும் பிடித்துக்கொண்டதும் வற்புறுத்தலாகத் தோன்றுகின்றன, அவர் எழ முயன்றபோது மருத்துவர் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும்.

2018 ஜூலையில் ஹேக்கின் மருத்துவ ஒழுங்கு ஆயம் அவருக்குக் கண்டனம் விதித்தது. மேல்முறையீட்டில் 2019 மார்ச்சில் மத்திய ஆயம் அதை எச்சரிக்கையாகக் குறைத்தது. தாள் போதவில்லை என்பதில் மட்டும் அவர்களும் மாறவில்லை.

இதற்கிடையே, 2018 நவம்பரில், குற்ற வழக்குத் தொடர்வதாக அரசு வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்தது. 2002 சட்டம் வந்தபின் ஒரு மருத்துவர் மீது தொடரப்பட்ட முதல் வழக்கு. 2019 ஆகஸ்ட் 26 அன்று விசாரணை. அரசுத் தரப்பே ஒரு விசித்திரமான நிலை எடுத்தது: மருத்துவர் நல்லெண்ணத்தோடு, நேர்மையாக நடந்தவர், குற்றவாளி என்று அறிவியுங்கள், தண்டனை வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது தண்டனை இல்லை, சட்டத்துக்கு விளக்கம். விளக்கம் கேட்க ஒரு மனுஷியைக் கொலை வழக்கில் நிறுத்தலாமா என்று எனக்கு அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அதற்குள் அவர் பணி ஓய்வும் பெற்றிருந்தார்.

செப்டம்பர் 11 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் அவரை விடுவித்தது. நோயாளி இவ்வளவு ஆழமான மறதியில் இருக்கும்போது, இன்னும் விருப்பம் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யும் கடமை மருத்துவருக்கு இல்லை என்றது. கேட்டாலும் அர்த்தமுள்ள பதில் வந்திருக்காது.

எண்ணிப் பாருங்கள். ஒரே தாள். மருத்துவர் படித்தார், செல்லும் என்றார். வெளியிலிருந்து வந்த இரண்டு மருத்துவர்கள் படித்து, செல்லும் என்றார்கள். மறுஆய்வுக் குழு, செல்லாது. ஒழுங்கு ஆயம், செல்லாது. மத்திய ஆயம், செல்லாது. மாவட்ட நீதிமன்றம், செல்லும். இவர்களில் பெரும்பாலோர் படிப்பதற்கு மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டார்கள், பக்கத்தில் சட்டப் புத்தகம் இருந்தது, வராந்தாவில் யாரும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. முதலில் படித்தவருக்கு மட்டும்தான் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

விளம்பரமும் தயக்கமும்

இந்த வழக்கு வெளியே தெரிய ஆரம்பித்த 2017 பிப்ரவரியில், இருநூறுக்கு மேற்பட்ட டச்சு மருத்துவர்கள் சேர்ந்து பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். தன் சாவுக்குச் சம்மதம் சொல்லக்கூட முடியாத, எதிர்க்கத் திராணியில்லாத ஒருவரின் உயிரை ஒரு தாளை மட்டும் வைத்து முடிக்க மாட்டோம், மனசாட்சி இடங்கொடுக்கவில்லை என்பது அதன் செய்தி. கவனியுங்கள், கையெழுத்துப் போட்டவர்களில் மற்ற சூழல்களில் இதைச் செய்த மருத்துவர்களும் இருந்தார்கள். மதக்காரணம் சொல்லி எதிர்த்த கூட்டமாக இதைத் தள்ளிவிட முடியாது.

நாடு தழுவிய எண்ணிக்கையும் பல வருட ஏற்றத்துக்குப் பிறகு 2018-இல் கணிசமாக இறங்கியது. 2017-இல் 6,585, 2018-இல் 6,126. வழக்குப் பயம்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். அந்த ஒரு காரணத்தை மட்டும் எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது, நான் அதில் தலையைக் கொடுக்க விரும்பவில்லை. பயம் இருந்தது என்பதற்கு எண்ணும் தேவையில்லை. இவற்றில் ஐந்தில் நான்கைக் குடும்ப மருத்துவர்களே செய்கிறார்கள். ஒரு ஊரில் இருபது வருடமாகச் சளிக்கும் சர்க்கரைக்கும் மருந்து எழுதுகிற மருத்துவர், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ இப்படிச் செய்ய வேண்டிவரும். மருந்துக் கடையிலிருந்து பெட்டியைத் தானே வாங்கிப் போவார். முடியும்வரை பக்கத்திலேயே இருப்பார். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுப்பார். அன்று மாலை வேறு நோயாளியைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். அப்புறம் உட்கார்ந்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கை தன்னைக் கொலை வழக்குக்குக் கொண்டுபோகலாம் என்று தெரிந்தால் என்ன செய்வார்? கடினமான நோயாளியை ஹேக்கிலுள்ள யூதனேசியா நிபுணத்துவ மையத்துக்கு அனுப்பிவிடுவார். அதுதான் எளிது. இந்த மையம் 2012-இல் வாழ்வின் இறுதிக்கான சிகிச்சையகமாகத் தொடங்கி, 2019-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. தன் மருத்துவர் மறுத்தவர்கள் போகும் இடம். ஆக, நோயாளியை நன்றாக அறிந்தவர் விலகிக்கொள்ள, முன்பின் தெரியாத ஒருவர் முடிவெடுக்கிறார்.

2020 ஏப்ரல் 21

மருத்துவருக்கு இனி பாதிப்பு வராத வகையில், சட்ட விளக்கத்துக்காக மட்டும், வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்தது 2020 ஏப்ரல் 21, அந்தக் காப்பி நாளிலிருந்து நான்கு வருடத்துக்கு ஒரு நாள் குறைவு.

நீதிமன்றம் சொன்னது இது. நோயாளி தன் விருப்பத்தைச் சொல்ல முடியாத கட்டத்திலும் முன்பு எழுதிய தாள் செல்லும். ஆனால் அந்தக் கட்டத்துக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்பது தாளில் இருக்க வேண்டும். தாளை எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டியதில்லை, எழுதியவர் எந்தச் சூழலில் எதை மனத்தில் வைத்து எழுதினார் என்று பார்த்து மருத்துவர் பொருள் கொள்ளலாம். இப்போதைய பேச்சிலோ நடத்தையிலோ அதற்கு நேர்மாறான விருப்பம் தெரிந்தால் நிறுத்த வேண்டும். உடம்பில் வேறு நோய் இல்லாவிட்டாலும் வேதனை தாங்க முடியாததாக இருக்கலாம், அதை எடைபோடுவதில் கூடுதல் கவனம் தேவை. நோயாளி எதிர்பாராமல், காரணமில்லாமல் முரண்டு பிடிக்கலாம் என்று தோன்றினால் முன்கூட்டியே மயக்க மருந்து கொடுப்பதும் கவனமான மருத்துவத்தில் அடங்கும். மத்திய ஆயத்தின் தீர்ப்பையும் நீக்கியது.

அந்த நவம்பரில் மறுஆய்வுக் குழுக்கள் தங்கள் வழிகாட்டி நூலை மாற்றி எழுதின. இந்த நிலையிலுள்ள நோயாளியிடம் நாளையும் முறையையும் பேசித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவருக்குத் தெரியாமல் மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தாலும் அதனாலேயே கவனக்குறைவாகாது என்று இப்போது அதில் இருக்கிறது. காப்பி விதிக்குள் வந்துவிட்டது.

கதவு அகலத் திறந்துவிட்டது என்று எச்சரித்தவர்களும் உண்டு. 2023-இல் மொத்த அறிக்கைகள் 9,068. அவற்றில் முற்றிய மறதி நோயில், தாளை மட்டும் வைத்துச் செய்தவை அந்த ஆண்டும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. சட்டம் தெளிவாகிவிட்டது, மருத்துவர்களின் தயக்கம் போகவில்லை. விளம்பரத்தில் கையெழுத்துப் போட்டவர்களை ஒரு தீர்ப்பு மாற்றிவிடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்து "சரி" என்று சொல்ல முடியாத ஒருவருக்கு அந்த ஊசியைப் போடுவது கைக்கு வராது, அது சட்டப் பிரச்சினையே இல்லை.

நம் பக்கத்துக் கோப்பு

இந்தியாவில் நிலைமை தலைகீழ். இங்கே பேச்சே சிகிச்சையை நிறுத்துவது பற்றித்தான், அதற்கும் எல்லாச் சரிபார்ப்பும் முன்னாலேயே. 2018 தீர்ப்பின்படி மருத்துவமனைக் குழு ஒன்று, மாவட்ட ஆட்சியர் அமைக்கும் குழு ஒன்று, அப்புறம் மாஜிஸ்ட்ரேட் நேரில் வந்து பார்க்க வேண்டும். குழுவில் உட்கார 20 வருட அனுபவம் வேண்டும். ஐசியூவில் இதெல்லாம் நடக்கிற காரியமா? தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கமே உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பப் போனது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. அனுபவம் 5 வருடம் போதும், குழுக்கள் 48 மணி நேரத்தில் முடிவு சொன்னால் நல்லது, மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

ஆனால் வார்டில் பழைய வழிதான் அதிகம் ஓடுகிறது. தமிழ்நாட்டில் ஐசியூ வாசலில் காத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "இனிமேல் எங்க கையில ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா எழுதிக் கொடுங்க." மூத்த மகன் கையெழுத்துப் போடுவார். ஆம்புலன்சில் உதவியாளர், கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வருவார். வீட்டுத் திண்ணையில் இறக்கி, உள்ளே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்த பின், தொண்டைக் குழாயை எடுத்துவிட்டுப் போவார். கோப்பில் இருப்பது ஒரே வரி: மருத்துவ ஆலோசனையை மீறி நோயாளி அழைத்துச் செல்லப்பட்டார். மீறியவர் யாரும் இல்லை, ஆலோசனையே அதுதான். எழுதியவருக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும். வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்புவதும் பல நேரம் நடப்பதில்லை, ஏனென்றால் தாளின்படி அவர் சிகிச்சையை வேண்டாம் என்று போனவர்.

போன முறை இந்த வழக்கை எடுத்தபோது பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்டார்: "சார், அந்த டாக்டர் ரிப்போர்ட்ல காப்பியைப் பத்தியும் புடிச்சுக்கிட்டதைப் பத்தியும் எழுதாமலே விட்டிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "நாம தினமும் அப்படித்தானே எழுதறோம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் சிரிக்கவில்லை. ரவுண்ட்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எல்லோரும் எழுந்தோம்.